படையலில் பீச் பழம் வைத்தவளுக்கு

அன்பு மகள் ஓக்ரானுக்கு உன் அம்மா எழுதுவது. எனக்கு மூச்சு வந்து போய்க்கொண்டிருக்கிறது, வேளைக்குப் பசிக்கிறது, முழங்கால் மட்டும் சொல்பேச்சுக் கேட்பதில்லை, மற்றபடி சுகம்தான். வான்கூவரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி சேயோனும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று காதில் விழுந்தால் எனக்கு அதுவே போதும். நான் அனுப்பிய நெத்திலிக் கருவாடு வந்து சேர்ந்ததா. தலையும் குடலும் கிள்ளி எடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன், அப்படியே சூப்பில் போடலாம், ஆனால் போன தடவை மாதிரி வெளியே வைத்துவிட்டு அம்மா எண்ணெய் வாடை அடிக்குது என்று எனக்குப் போன் செய்யாதே, ஃப்ரிட்ஜில் மேல் தட்டில் வை. இங்கே இந்த வருஷம் மழை பிந்திவிட்டது, நெத்திலி சன்னமாகத்தான் கிடைத்தது. பக்கத்து வீட்டு பியோங்ஹோ அம்மாவுக்குப் புதுப் பல்செட் வந்திருக்கிறது, அதைக் காட்டுவதற்காகவே எதற்கெடுத்தாலும் சிரிக்கிறாள், போன வாரம் ஒரு சாவு வீட்டிலும் சிரித்தாள். சேயோன் கொரிய மொழி வகுப்பை விட்டுவிட்டாளாமே, விடாதே, அவள் அழுதாலும் அனுப்பு, பேச்சு போய்விட்டால் பிறகு அவளுக்கு என்னைத் திட்டக்கூட வராது.

நீ ஒன்று கேட்டிருந்தாய். அம்மா என் புஸ்தகத்தை முடிச்சுட்டீங்களா, எப்படி இருக்கு என்று. அடுத்த பதிப்பு வரப்போகிறது, இலையுதிர் காலத்தில் சியோலில் வாசகர்களைக் கூட்டி வைத்து ஒரு விழா நடத்துகிறார்கள், அந்தக் கதையில் வருகிற அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று எல்லோரும் கேட்கிறார்கள், நீங்க வந்து என் பக்கத்துல சும்மா உட்கார்ந்தா போதும் என்று சொல்லியிருந்தாய். பதில் சொல்கிறேன், அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படி. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ நடுவில் அழுதுவிடுவாய், அழுகிறவளிடம் நான் பாதியில் நிறுத்த வேண்டிவரும், கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் நீ எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்த மற்றப் புஸ்தகங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிங்கம்மா மனசு ஆறும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாய். நான் எழுத்துக் கற்றது முதியோர் வகுப்பில், தலை நரைத்த பிறகு, இன்றைக்கும் வரிக்கு அடியில் விரல் வைத்துத்தான் படிக்கிறேன். அதனால் எனக்குப் புரியாது என்று நினைக்காதே. விரல் வைத்துப் படிக்கிறவளுக்கு ஒரு வரி தப்பாது, கண்ணால் தாவிப் போகிறவர்களைத்தான் சுலபமாக ஏமாற்றலாம். எல்லாவற்றையும் படித்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை, ராத்திரியில் ஒரு கடை, ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம், பக்கத்தில் பூத்த மரம். ஒன்றில் மேட்டுத் தெருவில் ஒருவன் குடை ரிப்பேர் பண்ணுகிறான். யாருக்காவது யாராவது செத்துப்போனால் அவர்கள் கையில் உள்ள குடை தானாக உடைந்துவிடுகிறது, அவனிடம் கொண்டுவருகிறார்கள், அவன் கம்பியை நிமிர்த்திக்கொண்டே இஞ்சி டீ கொடுக்கிறான், அவர்கள் அழுகிறார்கள், வெளியே போனால் வெயில் அடிக்கிறது. புருஷனைப் பறிகொடுத்த ஒருத்திக்கு ஒரே கிளாஸ் இஞ்சி டீயில் வேலை முடிந்துவிட்டது. நான் உன் அப்பா இறந்துபோன குளிர்காலத்தில் இருமலுக்காகப் பானை பானையாக இஞ்சி டீ குடித்தேன், இருமல்கூட நிற்கவில்லை. அந்தக் குடைக்காரனுக்கு யார் வாடகை கட்டுகிறார்கள், அவன் எப்போது சாப்பிடுகிறான், அவனுக்கு ஒரு நாளாவது கடையைத் திறக்க எரிச்சலாக இருக்காதா, ஒன்றும் எழுதவில்லை.

இன்னொன்றில் பொதுக் குளியல் கூடத்தில் முதுகு தேய்த்துவிடுகிறவள் ஒருத்தி, முதுகில் கை வைத்தால் போதும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும், யாரை இழந்தாய், என்ன சொல்லாமல் விட்டாய், எல்லாம். நானும் காலமெல்லாம் குளியல் கூடத்துக்குப் போகிறவள்தான். நம் ஊர்க் கூடத்தில் தேய்க்கிறவள் திரும்பு என்பாள், கையைத் தூக்கு என்பாள், அதற்கு மேல் பேச மாட்டாள். உன் தம்பி மான்சிக் செத்தபிறகு முதல் தடவை போனபோது அவள் என்னைப் பலகையில் கிடத்தித் தோல் சிவக்கத் தேய்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள், போய்ச் சாப்பிடு, எலும்பு என் கையில குத்துது என்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பழைய சோற்றைத் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டேன். உன் நாவல்காரி அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவளோ தேய்க்கிறவளை நட்சத்திரம் நிலா என்று பேச வைத்திருக்கிறாள், கையில் சோப்பு நுரையோடு.

பூனை வருகிற புஸ்தகத்தைப் பற்றி என்ன சொல்ல. தங்கும் விடுதியில் ஒரு பூனை, துக்கத்தில் இருக்கிறவர் மடியில் மட்டும் வந்து உட்காருமாம். நம் வீட்டுப் பூனை உன் அப்பா திதியன்று படையல் மீனைத் தூக்கிக்கொண்டு ஓடியது, மடியில் உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இந்தப் புஸ்தகங்கள் எல்லாவற்றிலும் ஒரு கிழவி இருக்கிறாள், அதைக் கவனித்தாயா. சூப்பு வைப்பாள், எல்லோருக்கும் நல்ல வார்த்தை சொல்வாள், எல்லோர் மனசையும் சரிபண்ணிவிட்டுக் கடைசி அத்தியாயத்துக்கு முந்தின அத்தியாயத்தில் தூக்கத்திலேயே செத்துப்போவாள், யாருக்கும் மூத்திரத் துணி துவைக்கிற வேலைகூட வைக்காமல். கெட்டவன் என்று யாரும் கிடையாது, கெட்டது செய்தவன் எல்லாம் சின்ன வயசில் அழுதவனாக இருப்பான். யாருக்கும் எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. உன் பெரியப்பா மான்சிக்கின் சாவு வீட்டில் ஓட்டை விழுந்த சாம்பல் நிறக் காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முள்ளங்கிக் கிம்ச்சி இன்னும் கொஞ்சம் இருக்கா என்று கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் சாகும்வரை இருக்கும். அப்படி ஒருத்தி உன் புஸ்தகங்களில் எங்கேயும் இல்லை. துக்கத்தை அவர்கள் விருந்தாளி மாதிரி நினைக்கிறார்கள், கதவு வழியாக வரும், டீ குடிக்கும், கதவு வழியாகப் போகும்.

எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, அது நீ அனுப்பியது இல்லை. நூலக வண்டியில் அடித்தட்டில் கிடந்தது, அட்டை கிழிந்தது. மகளைக் கடலில் பறிகொடுத்த ஒருவன் பக்கத்து வீட்டுக்காரனோடு சாக்கடைக்காகச் சண்டை போடுகிறான், புஸ்தகம் முழுக்க அந்தச் சாக்கடைதான். மகள் பேச்சு அங்கொன்றும் இங்கொன்றும்தான் வரும். கடைசியில் சாக்கடை சரியாகிவிடுகிறது, தண்ணீர் ஓடுகிறது, சண்டை போட ஒன்றும் இல்லாமல் அவன் ஓரமாக நிற்கிறான், அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அதைத் திரும்பத் திரும்ப எடுத்துவருகிறேன். வண்டிக்காரப் பெண் இதை யாருமே எடுக்கிறதில்லை பாட்டி, உங்களுக்கு மட்டும் ஏன் பிடிக்குது என்றாள். இதில் யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, அதனால்தான் என்றேன்.

இனி உன் புஸ்தகம். அட்டையில் நம் வீட்டு இரும்புக் கதவு பாதி திறந்து கிடக்கிறது, உள்ளே விளக்கு, முன்னால் ஒரு தட்டு நிறையப் பீச் பழம். நல்ல அட்டை, பியோங்ஹோ அம்மா தடவித் தடவிப் பார்த்தாள். ஊர் பெயரை மாற்றியிருக்கிறாய், எங்கள் பெயர்களை மாற்றியிருக்கிறாய், ஆனால் நம் சோங்பொவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நெத்திலிப் பெட்டி ஏற்றின லாரி, வளைவில் கவிழ்ந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் செத்தான், குடித்துவிட்டு ஓட்டினவன் காலோடு போச்சு என்று பிழைத்தான். உன் கதையில் அந்த அம்மா மகன் திதியன்று கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறாள், லாரி ஓட்டினவன் எப்போதாவது வருவான் என்று. அவனும் வருகிறான். அவள் மகன் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு, படையலில் இருந்து ஒரு பீச் பழத்தை எடுத்துத் தோல் சீவி அவன் வாயில் ஊட்டி, நீயும் எனக்கு மகன்தான் என்கிறாள். எல்லோரும் அந்த இடத்தில் அழுகிறார்களாமே. நான் அந்த இடத்தில் விரலை எடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

அடியே, நீ என் வயிற்றில்தானே பிறந்தாய். பீச் பழத்தைப் படையலில் வைப்பார்களா. பீச் வாசம் பட்டால் செத்தவர் உயிர் வாசலோடு திரும்பிப் போய்விடும் என்று உனக்கு நடக்கத் தெரிந்ததிலிருந்து சொல்லியிருக்கிறேன். தாத்தா திதியன்று நீ ஒரு பீச் பழத்தைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்ததற்கு முதுகில் வாங்கினது மறந்துபோச்சா. மறந்து எழுதினாயா, இல்லை அட்டையில் பார்க்க அழகாக இருக்கும் என்று எழுதினாயா. மறந்தேன் என்று சொன்னால் திட்டுவேன், அழகுக்காக என்று சொன்னால் திட்டக்கூட மாட்டேன். அப்புறம், பெற்றவள் பிள்ளையைக் கும்பிடுவாளா. கல்யாணம் ஆகாமல் செத்தவனுக்குத் திதியே கிடையாது என்று உன் பெரியப்பா முதல் வருஷமே வாசலில் நின்று சொன்னார், நான் அவரை வெளியே நிற்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் படையல் போட்டேன். போட்டேனே தவிர கும்பிட ஆள் இல்லை. தாய் கும்பிடக் கூடாது, அக்கா நீயும் தம்பியைக் கும்பிடக் கூடாது, அவனுக்கு இளையவர் யாரும் நம் வீட்டில் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அந்தப் படையல் ஒரு கும்பிடும் விழாமல் ஆறிப்போகும். கதையில் எழுத வேண்டியது அது. உன் கண்ணுக்கு அது தெரியவில்லை. கதவு யாருக்காகத் திறந்திருக்கிறது என்றும் உனக்குத் தெரியவில்லை. அது மான்சிக் உள்ளே வர. அவனைக் கொன்றவன் வர இல்லை.

இதையெல்லாம் கூட விட்டுவிடுவேன், எழுதிப் பிழைக்கிறாய், எதையாவது எழுதத்தான் வேண்டும். ஆனால் லாரிக்குள் நடந்ததாக ஒரு பக்கம் எழுதினாயே. கவிழ்ந்து கிடக்கிற லாரியில் என் மகன் அவனிடம் சொல்கிறான், என் அம்மாகிட்ட சொல்லு, நான் சந்தோஷமாத்தான் இருந்தேன்னு. அதைப் படித்தபோது என் விரல் நகரவில்லை. அவன் கடைசியாக என்ன பேசினான் என்று நான் எத்தனை காலம் குப்புறப் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன் தெரியுமா. ஓட்டினவனிடம் கேட்டால்தான் தெரியும், அவனிடம் நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ எப்படியோ அவனைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறாய், என்னிடம் நேரே சொல்லக் கூச்சப்பட்டுப் புஸ்தகத்தில் வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். மறுநாள் தலைக்குக் குளித்தேன். சந்தைக்குப் போய் ஒரு நல்ல பாறை மீன் வாங்கி எனக்கு மட்டும் சூப்பு வைத்துச் சாப்பிட்டேன். சந்தோஷமாத்தான் இருந்தேன் என்று நடக்கும்போது எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு நடந்தேன். அப்புறம்தான் உனக்குப் போன் போட்டு, அந்த வார்த்தையை யார் உனக்குச் சொன்னார்கள் என்று கேட்டேன். நீ சிரித்தாய். ஐயோ அம்மா அது நான் எழுதினது, நாவல்தானே என்றாய். இணைப்பு அறுந்துவிட்டது என்று பிறகு மெசேஜ் அனுப்பியிருந்தாய். அறுந்துபோகவில்லை, நான்தான் வைத்தேன். மான்சிக் எனக்கு இரண்டு தடவை செத்தான், முதல் தடவை குடித்தவன் கையில், இரண்டாம் தடவை நீ சிரித்தபோது. குடித்தவனுக்காவது போதை இருந்தது.

இப்போது திதி நடந்ததைச் சொல்கிறேன். நடுராத்திரியில் போட வேண்டிய படையலை ஊரில் எல்லோரும் இப்போது பொழுது சாயும்போதே முடித்துவிடுகிறார்கள், நானும் அப்படித்தான். சோறு, சூப்பு, அவித்த மீன், பேரிக்காய், காயவைத்த சீமைப் பனிச்சைப் பழம் எல்லாம் வைத்து, ஓரத்தில் அவனுக்குப் பிடித்த சுட்ட கணவாயும் வைத்து, கதவை ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து வைத்துவிட்டு ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ மான்சிக் அம்மா என்று கூப்பிட்டார்கள். என் கை அப்படியே நின்றது. உனக்குத் தெரியும், அவன் பிறந்த அன்றிலிருந்து ஊர் என்னை மான்சிக் அம்மா என்றுதான் கூப்பிட்டது, மூத்தவள் நீ இருக்கும்போது அவன் பெயர் எப்படி வந்தது என்று நீ வருஷக்கணக்காக மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாய். அவன் போன பிறகு ஊர் நாசூக்காக ஓக்ரான் அம்மா என்று மாற்றிக்கொண்டது. யாரும் சொல்லித்தரவில்லை, எல்லோரும் ஒரே நாளில் மாறினார்கள். அதற்கப்புறம் அந்தப் பெயர் என் காதில் விழுந்தது இந்தத் திதியன்றுதான்.

திரும்பினால் கிச்சூல் நிற்கிறான். லாரி ஓட்டினவன். தலை வழுக்கை, வலது கால் மடங்காது, கையில் ஒரு பெட்டி பீச் பழம், கக்கத்தில் உன் புஸ்தகம். என் மகன் வருவதற்குத் திறந்துவைத்த கதவு வழியாக, என் மகனை விரட்டுகிற பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து நிற்கிறான். இத்தனை காலம் என்னைத் தூரத்தில் பார்த்தாலே பஸ்ஸில் இருந்து முந்தின நிறுத்தத்தில் இறங்கிக்கொள்கிறவன். அழுதுகொண்டே சொல்கிறான், அம்மா, புஸ்தகத்துல படிச்சேன், கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு எனக்காகக் காத்திருக்கீங்கன்னு போட்டிருந்துச்சு, நான்தான் கோழை, இவ்வளவு நாளா வரலை என்று. முதலில் பழத்தை வெளியே கொண்டு போடா என்றேன். அவனுக்குப் புரியவில்லை, மலங்க மலங்க விழித்தான், படையல்லதானே வெப்பீங்க என்கிறான். உன் அம்மா திதியில பீச் வெச்சியா நீ என்று கேட்டேன். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, முகம் வெளுத்துப்போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நொண்டிக்கொண்டே ஓடினான், சாலைக்கு அந்தப்பக்கம் பள்ளத்தில் போட்டுவிட்டு வந்தான். தெரிந்த விஷயம்தான் அவனுக்கும், ஆனால் அச்சில் வந்துவிட்டால் சொந்த அம்மா சொன்னதைக்கூட மறந்துவிடுகிறார்கள். (பழத்தைப் பியோங்ஹோ அம்மா மறுநாள் பொறுக்கிக்கொண்டு போய் புதுப் பல்லால் கடித்துப் பார்த்தாள், நல்ல இனிப்பாம்.)

திரும்பி வந்து வாசலிலேயே நின்றான். அந்த வழியா வராதே, சமையலறைப் பக்கமா சுத்தி வா என்றேன். வந்தான். அம்மா, நீங்க என்னை மன்னிச்சிட்டீங்கதானே என்றான். அது என் மக எழுதின கிழவி, மன்னிச்சது அவ, அவ வான்கூவர்ல இருக்கா, அங்க போய்க் கேட்டுக்கோ, நான் மன்னிக்கலை என்றேன். அவன் கக்கத்தில் இருந்த புஸ்தகம் கீழே விழுந்தது, குனிந்து எடுக்க அவனுக்குக் கால் வரவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்படியே போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. படையலைப் பார்த்துக்கொண்டே நின்றவன், யாரும் கும்பிடலையா என்று கேட்டான். கும்பிட ஆள் இல்லை என்றேன். நான் அண்ணனுக்குச் சின்னவன் அம்மா, மூணு மாசம் சின்னவன் என்றான். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் படையல் பக்கத்தில் நான் வைத்திருந்த குப்பியில் இருந்து மதுவை ஊற்றி வைத்துவிட்டு விழுந்தான். மடங்காத காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, நெற்றி தரையில் பட, இரண்டு தடவை. ஒவ்வொரு தடவை எழுந்திருக்கவும் சுவரைப் பிடித்துப் பிடித்து வெகு நேரம் ஆனது, இரண்டாவது தடவை பாதியில் சறுக்கினான். நான் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நீ அதை எழுதியிருப்பாய்.

சோற்றில் கரண்டியைக் குத்திவைத்து, மான்சிக் சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். செத்தவர் சாப்பிடும்போது பார்க்கக் கூடாது இல்லையா, அதனால் நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை, எதிரே மதில்தான். அப்போது கேட்டேன். அன்றைக்கு லாரியில் அவன் என்ன பேசினான் என்று. புஸ்தகத்தில் இருக்கிறதே அம்மா என்று இழுத்தான். புஸ்தகத்தைச் சொன்னா உன் அடுத்த காலையும் உடைப்பேன், நடந்ததைச் சொல்லு என்றேன். அப்புறம் ஒன்று சொன்னான். ஒரே ஒரு பேச்சு, லாரி நம் ஊர் எல்லையைத் தாண்டும்போது மான்சிக் சொன்னது. கேட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது அது அவன் சொன்னதுதான் என்று. அப்படிப் பேச அவன் ஒருத்தனால்தான் முடியும், உன்னால் எழுதவே முடியாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதிலைப் பார்த்துக்கொண்டே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், சாப்பிடுகிறவன் காதில் விழுமே என்று.

அவன் அதற்குப் பிறகும் சொல்லத் தொடங்கினான், அடுத்து வளைவு வர்றதுக்கு முன்னாடி அண்ணன் என்ன சொன்னாருன்னா என்று. போதும், வாயை மூடு, மிச்சம் அடுத்த வருஷம் என்றேன். திகைத்துப்போனான். அம்மா, எல்லாத்தையும் சொல்லிட்டா எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கும் என்றான். உனக்கு இறங்குறதுக்கா நான் கேட்டேன் என்றேன். வருஷத்துக்கு ஒன்று, இதே நாளில், சமையலறைப் பக்கமாக வர வேண்டியது, மதுவை ஊற்றிக் கும்பிட வேண்டியது, முற்றத்தில் நின்று ஒன்று சொல்லிவிட்டுச் சோறு தின்றுவிட்டுப் போக வேண்டியது. தீர்ந்துபோனா என்று கேட்டான். சின்ன வயசுலேருந்து அவன் கூடச் சுத்தினவன்தானே நீ, லாரி தீர்ந்தா பள்ளிக்கூடத்துக்குப் போ, அது தீர்ந்தா கடல்ல குளிச்சதைச் சொல்லு என்றேன். எனக்கு ஈரல் சரியில்லைம்மா, டாக்டர் ஒரு மாதிரி பேசுறாரு, அடுத்த வருஷம் இருப்பேனோ என்னவோ என்றான். இருக்கணும், குடியை இன்னைக்கே விட்டுரு, என் மகன் பேச்சு உன் வயித்துல கிடக்கு, அதைத் தூக்கிக்கிட்டு நீ எங்கயும் போகக் கூடாது என்றேன். அவன் குழந்தை மாதிரித் தலையாட்டினான். படையல் சோற்றில் ஒரு கிண்ணம் கொடுத்தேன், நின்றுகொண்டே தின்றான். திதிச் சோற்றை யார் வந்தாலும் கொடுக்கத்தான் வேண்டும், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை, நீ எதையும் கண்டுபிடிக்காதே.

அதனால் உனக்கு என் பதில் இது. சியோலுக்கு நான் வர மாட்டேன். மனசு ஆறுகிற புஸ்தகம் இனிமேல் அனுப்பாதே, எனக்கு ஆறினால் மான்சிக்கைப் பற்றிக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். உன் அடுத்த பதிப்பில் பீச் பழம் இருந்துவிட்டுப் போகட்டும், கிழவி கும்பிடட்டும், ஊட்டட்டும், உன் கிழவி, நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். ஆனால் என் மகன் வாயில் நீ வைத்த அந்த ஒரு வரியை எடுத்துவிடு. எடுக்காமல் அந்தப் புஸ்தகம் மறுபடி கடைக்கு வந்தால் நீ எனக்குப் போன் செய்ய வேண்டாம், நான் எடுக்க மாட்டேன், இதில் நான் மிரட்டவில்லை, உனக்கு என்னைத் தெரியும். கிச்சூல் சொன்னது என்ன என்று கேட்டு எழுதாதே. அவனுக்கு எழுதியும் கேட்காதே, சொன்னால் அடுத்த வருஷம் உள்ளே விட மாட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், செத்தாலும் சொல்ல மாட்டான். உனக்கும் அவன் தம்பிதான், உனக்கும் கேட்க ஆசை இருக்கும், நான் மறுக்கவில்லை. இந்த வருஷத்துப் பேச்சு இந்த வருஷம் முற்றத்தில் நின்றவர்களுக்கு. அடுத்த வருஷத்துப் பேச்சு அடுத்த வருஷம் நிற்பவர்களுக்கு. மதிலைப் பார்த்து நிற்க வேண்டும், பேனா கொண்டுவரக் கூடாது.

சேயோன் நன்றாக வளர வேண்டும், மாப்பிள்ளைக்கு முதுகுவலி தீர வேண்டும், நீ நடக்கிற பாதையில் பனி உறைந்து வழுக்காமல் இருக்க வேண்டும், நீ எடுத்த காரியம் எல்லாம் நன்றாக நடக்க வேண்டும் என்று இந்தக் கிழவி தினமும் காலையில் அடுப்பு பற்றவைக்கும்போது சொல்லிக்கொள்கிறேன், கோபம் இருக்கிற நாளிலும் அதை விடுவதில்லை. நெத்திலியை மேல் தட்டில் வை. வருவதானால் முன்கூட்டியே சொல், பிரம்புப் பாயை வெயிலில் போட வேண்டும். பழம் எதுவும் வாங்கி வராதே.

இப்படிக்கு,
சோங்பொவிலிருந்து
மான்சிக் அம்மா